நோய்க்கு ஆறு மாதம்; வேலைக்கு ஐந்து மாதம்!

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயத் தொழிலாளிக்கு மணிலா என்ற பெயர் புதிதல்ல. வேர்க்கடலையை அங்கே மணிலாக் கொட்டை என்றுதான் சொல்கிறார்கள். அதுவே வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. 'ஐ.ஆர்.8' நெல்லும் நமக்குப் புதிதல்ல. 1966ல் அந்த நெல்லை வெளியிட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பானோஸ் என்ற ஊரில்தான் இருக்கிறது. கடலையின் பெயரால் அந்த நாட்டை நமக்குத் தெரியும். நெல்லின் பெயரால் தெரியும். ஆனால் அந்தப் பெருநகரத்தில் உழைக்கும் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி நோயில் விழுகிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கதையில் நம் கதையும் பாதி இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் 7,600க்கு மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. 333 வருஷம் ஸ்பெயின் ஆண்டது. பிறகு அமெரிக்கா ஆண்டது. 1946ல் சுதந்திரம் வந்தது. மணிலாவும் அதைச் சுற்றிய நகரங்களும் சேர்ந்த தலைநகர் வட்டாரத்தில், 2020 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 34 லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். இவர்களில் பெருங்கூட்டம் வெளித் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கட்டிட வேலைக்கு வருகிறார்கள். மில்லுக்கும் ஒர்க்ஷாப்புக்கும் வருகிறார்கள். கடைச் சிப்பந்திகளாக வருகிறார்கள். இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீட்டு வேலைக்கு வருகிறார்கள்.

ஏன் வருகிறார்கள்? நகரத்து விளக்கு வெளிச்சத்தைப் பார்க்கவா? இல்லை.

நீக்ரோஸ் தீவு கரும்புச் சீமை. அங்கே ஒரு கரும்பு வெட்டு முடிந்து அடுத்த வெட்டு தொடங்கும் வரை வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு ஸ்பானிய மொழியில் 'செத்த காலம்' என்று பெயர். ஆலை நிற்கும், அடுப்பும் நிற்கும். சாமர், லெய்ட்டே தீவுகளில் தென்னையை நம்பிய ஜனங்கள். 2013 நவம்பரில் அடித்த பெரும் புயலில் 6,300 பேர் மாண்டார்கள். தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. புதிதாக நட்ட தென்னை காய்க்கும் வரை வயிறு காத்திருக்குமா? நிலச் சீர்திருத்தச் சட்டம் 1988ல் வந்தது. ஆனால் நிலத்துக்குப் பதில் கம்பெனிப் பங்கு கொடுத்தால் போதும் என்று அதிலேயே ஒரு பொந்தும் வைத்திருந்தார்கள். அந்தப் பொந்தில் நுழைந்த ஒரு பெரிய கரும்புப் பண்ணையில், 2004 நவம்பர் 16ந் தேதி வேலை நிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 7 பேர் செத்தார்கள். நிலம் கேட்டவனுக்குக் குண்டு. கேட்காதவனுக்குக் கப்பல் டிக்கட். இப்படித்தான் ஜனங்கள் மணிலாவுக்கு வருகிறார்கள்.

'பழக்கம் சரியில்லை!'

வருகிறவன் வரும்போது திடகாத்திரமாகத்தான் வருகிறான். நோயாளி ஊரிலேயே தங்கிவிடுவான். கை கால் பலமுள்ளவன்தான் கப்பல் ஏறுவான். சில வருஷங்களில் அவன் இருமலோடும் வயிற்றுக் கோளாறோடும் ஊர் திரும்புகிறான். இதற்குக் கனவான்கள் ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுகிறார்கள்: "அவர்கள் பழக்கம் சரியில்லை."

டாக்டரிடம் போகமாட்டார்களாம். மருந்தை ஒன்று இரண்டாக வாங்கி விழுங்குவார்களாம். வேலை முடிந்து வந்து கை கழுவமாட்டார்களாம். பாக்கெட் நூடுல்ஸும் கருவாடும் தின்று காலம் தள்ளுவார்களாம். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடப்பார்களாம்.

இந்தக் குற்றப்பத்திரிகையை நாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பொய் என்று தள்ளிவிட வேண்டாம். இந்தப் பழக்கங்கள் இருப்பது உண்மை. அவை எங்கிருந்து வந்தன என்பதுதான் கேள்வி.

முதலாவது, சில்லறையாக வாங்குவது. பிலிப்பைன்ஸில் இதற்கு 'திங்கி' என்று பெயர். தெருமுனைப் பெட்டிக்கடையில் எண்ணெய் ஒரு சின்னப் பை, ஷாம்பு ஒரு சாஷே, சிகரெட் ஒன்று; அதுபோலவே மாத்திரையும் ஒன்று இரண்டு. ஏழு நாள் சாப்பிட வேண்டிய கிருமிக்கொல்லி மருந்தைக்கூட இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு, காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிறார்கள். இது ஆபத்து. அரைகுறையாக அடிபட்ட கிருமி அடுத்த முறை அந்த மருந்துக்கு அசையாது. ஆனால் கேட்கிறோம்: அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவழிப்பவன் ஏழு நாள் மருந்தை ஒரே நாளில் எப்படி வாங்குவான்? கூலி சில்லறையாக வந்தால் வைத்தியமும் சில்லறையாகத்தான் நடக்கும்.

"அவசரத்துக்குக் கடன் வாங்கலாமே" என்பீர்கள். அதற்கும் அங்கே வழி இருக்கிறது. அதன் பெயரே 'ஐந்து-ஆறு'. ஐந்து வாங்கினால் ஆறு கட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் தினமும் வந்து வசூலிக்கும் இந்த லேவாதேவிக்காரர்களை அந்த ஜனங்கள் 'பம்பாய்' என்று அழைக்கிறார்கள். ஏனென்றால் இத்தொழிலில் பேர்போனவர்கள் நம் நாட்டிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து, போனவர்கள். நம் நாட்டின் பெயர் அங்கே ஏழையின் வாசலில் எப்படி ஒலிக்கிறது, பாருங்கள்!

இரண்டாவது, கை கழுவாதது. களைத்துச் சூடேறிய கையைக் குளிர்ந்த நீரில் நனைத்தால் நரம்பு இழுத்துக்கொள்ளும், கை நடுங்கும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. 'பஸ்மா' என்று அதற்குப் பெயர். நாள் முழுதும் துணி துவைப்பவள், இஸ்திரி போடுபவள், மிஷினில் தைப்பவள் இதற்குப் பயப்படுகிறாள். மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாமா? பத்து மணி நேரம் ஒரே அசைவில் வேலை செய்த கை நடுங்கத்தான் செய்யும், மரத்துத்தான் போகும். அந்த வலி கற்பனையல்ல. தண்ணீர்மேல் பழி போடுவதுதான் தவறு. பழி போட வேண்டியது வேலை நேரத்தின் மேல். 'உழைத்த கைக்கு ஓய்வு வேண்டும்' என்ற நியாயம்தான் அந்த நம்பிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது. ஓய்வைக் கேட்கும் சங்கம் இல்லாத இடத்தில் அது மூடநம்பிக்கை வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

மூன்றாவது, சாப்பாடு. தலைநகர் வட்டாரத்தில் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலையில் நாளுக்கு 695 பெசோ என்று நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பெசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். "அடேயப்பா, ஆயிரம் ரூபாய்க்கு மேலா!" என்று நம் தோழர்கள் வியக்க வேண்டாம். 2024ல் அங்கே சாதாரண அரிசியே கிலோ 50 பெசோ அளவுக்குப் போயிற்று. ஐ.ஆர்.8 பிறந்த அந்த நாடு, இன்று உலகில் மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று! அறை வாடகை, பஸ் ஜீப்னிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் மூன்றும் போக மிஞ்சுவதில்தான் தட்டு நிரம்ப வேண்டும். பலர் முழு அறைகூட எடுப்பதில்லை. ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். அடுக்குக் கட்டில்கள், ஒரே ஜன்னல், அடுப்புக்கு இடமில்லை. அங்கே வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் நூடுல்ஸைத் தவிர வேறெதைச் சமைப்பது? டோண்டோ சேரியில் இன்னும் கொடுமை. ஓட்டல் குப்பையில் விழுந்த கோழிக்கறியைப் பொறுக்கிக் கழுவி மறுபடி பொரித்து விற்கிறார்கள். அதற்கு 'பக்பக்' என்று பெயர். இதையும் 'உணவுப் பழக்கம்' என்றா எழுதுவது?

நான்காவது, வெள்ளம். மழைக்காலத்தில் மணிலாவின் தாழ்ந்த பகுதிகள் மூழ்குகின்றன. எலி மூத்திரம் கலந்த அந்தத் தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக் காய்ச்சல் வரும், சிறுநீரகத்தைத் தாக்கும். 2024 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு நோயாளிகள் குவிந்ததால், தேசிய சிறுநீரக ஆஸ்பத்திரி ஆகஸ்டில் தன் உடற்பயிற்சிக் கூடத்தையே வார்டாக்க வேண்டி வந்தது. வெள்ளத்தில் நடக்காதே என்று அறிவுரை சொல்வது சுலபம். ஆனால் அன்று வேலைக்குப் போகாதவனுக்கு அன்று கூலி இல்லை. முழங்கால் பூட்ஸை யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

அரை வருஷத்துக்கு எட்டாத வேலை

இப்போது பெரிய நோய்க்கு வருவோம். அதுதான் காசநோய், நம் பெரியவர்கள் க்ஷயம் என்பார்கள்.

2023ல் உலகில் புதிதாகக் காசநோய் கண்டவர்களில் 100க்கு 26 பேர் இந்தியர்கள். ஏறக்குறைய 7 பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். இது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. நாம் 140 கோடிப் பேர். அவர்கள் 11 கோடிப் பேர். ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் அங்கே இந்த நோய் நம்மைப்போல் மும்மடங்குக்கு மேல். அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்த மானுவேல் கேசோன் 1944ல் அமெரிக்காவில் செத்ததும் இதே நோயால்தான். அவருடைய பழக்கம் சரியில்லை என்று அன்று யாரும் எழுதவில்லை! கூலிக்காரன் இருமினால் பழக்கம். ஜனாதிபதி இருமினால் துரதிர்ஷ்டம்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு வகை. ஆக ஆறு மாதம். விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: சரியாக மருந்து சாப்பிடுபவனிடமிருந்து சில வாரங்களில் நோய் மற்றவர்களுக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. டாக்டர் அனுமதியோடு அவன் வேலைக்குத் திரும்பலாம். நடுவில் நிறுத்தினாலோ, மருந்துக்கு அடங்காத முரட்டு நோயாக அது திரும்பி வரும்.

ஆறு மாதம்! இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 1974ல் வந்தது. அதன்படி ஒருவரைத் தற்காலிகமாகப் பரீட்சித்துப் பார்க்கும் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதன் பிறகும் வேலையில் இருந்தால் அவர் நிரந்தரத் தொழிலாளி. நல்ல சட்டம். முதலாளிகள் என்ன செய்தார்கள்? ஐந்தாவது மாதத்திலேயே ஒப்பந்தம் முடிந்தது என்று வெளியே அனுப்பினார்கள். புதிதாக ஒருவனை எடுத்தார்கள், அல்லது அவனையே வேறு காண்டிராக்டர் பெயரில் மறுபடி எடுத்தார்கள். இந்த வழக்கம் நாடெங்கும் பரவியிருக்கிறது. தொழிலாளர்கள் அதை 'எண்டோ' என்கிறார்கள். இதை ஒழிப்பேன் என்று வாக்குறுதி கொடுத்து 2016ல் ஜனாதிபதியானார் டுடெர்டே. இதைக் கட்டுப்படுத்தும் மசோதாவைப் பார்லிமெண்ட் நிறைவேற்றியது. 2019 ஜூலையில் அவரே அதை நிராகரித்தார்!

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நோய்க்கு மருந்து ஆறு மாதம். வேலை ஐந்து மாதம். ஒருவன் வேலையில் சேர்ந்த முதல் நாளே மருந்தைத் தொடங்கினாலும், மருந்து முடிவதற்குள் வேலை முடிந்துவிடும். அடுத்த வேலைக்குப் போனால் மார்பை எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார்கள். படத்தில் நிழல் தெரிந்தால் 'தகுதியில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். இந்த நிலையில் சாமர் தீவிலிருந்து வந்த ஓர் இளைஞன் என்ன செய்வான்? இருமலை மறைப்பான். பெட்டிக்கடையில் இருமல் மாத்திரை வாங்குவான். சுகாதார நிலையம் பகலில் திறக்கும்போது அவன் ஆலைக்குள் இருப்பான். இரவில் அடுக்குக் கட்டிலில், ஒரே ஜன்னலுள்ள அறையில், இன்னும் ஏழெட்டுப் பேரோடு படுத்து இருமுவான். பிறகு அவர்களும் இருமுவார்கள்.

லீவு எடுக்கலாமே என்றால், ஒரு வருஷம் வேலை செய்தவனுக்குத்தான் சட்டப்படி சம்பளத்தோடு ஆண்டுக்கு 5 நாள் லீவு. ஐந்து மாதக்காரன் ஒரு வருஷத்தை எட்டுவது எப்போது?

அவன் டாக்டரிடம் போகாததைப் 'பழக்கம்' என்கிறார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் முதலாளி எழுதி வைத்த பழக்கம் அது.

கஜானா எங்கே போயிற்று?

சர்க்கார் சும்மா இருக்கிறதா என்று கேட்கலாம். காகிதத்தில் நிறையவே இருக்கிறது. 1995லேயே தேசிய சுகாதாரக் காப்பீடு தொடங்கியது. எல்லோருக்கும் சுகாதாரம் என்று 2019ல் சட்டம் போட்டார்கள். வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு 2013ல் தனிச் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. 2016ல் காசநோய் ஒழிப்புக்கே ஒரு சட்டம் வந்தது. இவை ஜனங்கள் போராடிப் பெற்ற லாபங்கள். அவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நாட்டின் மருத்துவச் செலவில் 100க்கு 40 பெசோவுக்கு மேல் இன்னும் நோயாளிக் குடும்பங்களின் மடியிலிருந்துதான் போகிறது.

இப்படியிருக்க 2024ல் என்ன நடந்தது? காப்பீட்டு நிதியில் உபரி இருக்கிறது என்று சொல்லி 8,990 கோடி பெசோவைப் பொதுக் கஜானாவுக்கு மாற்ற உத்தரவு போட்டார்கள். 6,000 கோடி மாறியும்விட்டது. மிச்சத்தை அந்த ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு தடுத்து நிறுத்தியது. 2025 பட்ஜெட்டில் காப்பீட்டுக்குச் சர்க்கார் மான்யம் ஒரு பெசோகூட இல்லை. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்த பிறகு, 6,000 கோடியைத் திருப்பித் தருவதாக 2025ல் ஜனாதிபதி அறிவித்தார். நோயாளி ஒரு மாத்திரையைச் சில்லறையாக வாங்கும் நாட்டில் நோயாளியின் பணம் 'உபரி' ஆயிற்றாம்! கூலிக்காரன் மருந்தைப் பாதியில் நிறுத்தினால் அறியாமை; சர்க்கார் மருந்துப் பணத்தை எடுத்தால் நிதி நிர்வாகம்.

நம் குறையும் உண்டு

இங்கே நிறுத்திக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நோயாளிக்கு அதனால் பயனில்லை. 'எல்லாவற்றுக்கும் முதலாளியே காரணம். அதனால் பழக்கத்தைப் பற்றிப் பேசாதே' என்பது தவறு. கூலி உயரும் வரை கிருமி காத்திருக்காது.

நம் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். பல வருஷங்களுக்கு முன் நம் பகுதி மில் ஒன்றில், ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த ஒரு தோழருக்குக் காசநோய் கண்டது. மூன்றாம் மாதம் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டார். நமக்குத் தெரிந்ததும் கோபமாகப் பேசிவிட்டோம். "இலவசமாகக் கொடுக்கிற மாத்திரையைக்கூடப் போய் வாங்கத் தெரியாதா?" என்றோம். அவர் அமைதியாகச் சொன்னார்: "மாத்திரை இலவசம்தான் தோழர். அதை வாங்கப் போகிற அரை நாள் இலவசமா?"

நமக்குப் பதில் இல்லை. வெட்கமாக இருந்தது. பஞ்சப்படிக்கு வாயிற் கூட்டம் போட்டோம், போனஸுக்கு நோட்டீஸ் அடித்தோம். இந்த அரை நாளைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பிறகு ஷிப்ட் மாறி வரும் இரண்டு தோழர்கள் முறை வைத்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவருக்கு மாத்திரை வாங்கி வந்தார்கள். டீக்கடையில் அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் டீ சொல்வார்கள். மருந்து முழுதும் முடிந்தது. மனிதர் பிழைத்தார்.

இந்தப் பாடத்தை பிலிப்பைன்ஸிலும் கற்றவர்கள் உண்டு. மார்க்கோஸ் சர்வாதிகாரக் காலத்தில் ரெம்பெர்ட்டோ டி லா பாஸ் என்ற டாக்டரும் டாக்டரான அவர் மனைவி சில்வியாவும், தலைநகரில் படித்துவிட்டு, சாமர் தீவின் கிராமங்களுக்கு வேலை செய்யப் போனார்கள். மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. கிராமத்து ஜனங்களையே சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தார்கள். 1982 ஏப்ரல் 23ந் தேதி கட்பலோகன் ஊரில் அந்த டாக்டரைத் தம் வைத்தியசாலையிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஜனங்களுக்குச் சுகாதாரம் கற்றுக் கொடுப்பதுகூடச் சிலருக்கு எவ்வளவு பெரிய குற்றமாகப் படுகிறது! 1992ல் சுகாதார இலாகாவே பத்து மூலிகைகளைப் பரிந்துரைத்தது. நம் ஊர் நொச்சி, பாகல், கொய்யா, பூண்டு எல்லாம் அதில் இருக்கின்றன. நொச்சியிலிருந்து செய்த இருமல் மருந்து அங்கே கடைகளில் விற்கிறது. நல்லதுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமலுக்கு நொச்சி போதாது. சளிப் பரிசோதனை வேண்டும். ஜனங்களின் அறிவையும் மதிக்க வேண்டும். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும்.

ஆகவே மணிலாத் தொழிலாளிக்கு வேண்டியது எது? ஆறு மாத மருந்து சாப்பிடுபவனை அது முடியும் வரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. ஐந்து மாத ஒப்பந்தம் ஒழிய வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே சம்பளத்தோடு நோய் லீவு வேண்டும். சுகாதார நிலையங்கள் ஷிப்ட் முடிந்த பின்னும் திறந்திருக்க வேண்டும். இவற்றோடு, சங்கமும் குடியிருப்புக் கமிட்டியும் கையைக் கழுவு, மருந்தைப் பாதியில் விடாதே, ஜன்னலைத் திற, இருமலை மறைக்காதே என்று சொல்ல வேண்டும். சொல்வதோடு நிற்காமல் கூடப் போக வேண்டும். கோரிக்கையில்லாத அறிவுரை கனவானின் உபதேசம். அறிவுரையில்லாத கோரிக்கை பாதி வேலை.

கடைசியாக ஒரு வார்த்தை, தோழர்களே! இன்று திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் தகர ஷெட்டுகளில் பத்துப் பேர் ஓர் அறையில் படுத்து வேலைக்கு வருகிறார்கள். அவர்களைப் பார்த்து, "இவன்கள் பழக்கமே சரியில்லை" என்று சொல்வது யார்? மில் முதலாளி மட்டுமா? டீக்கடை பெஞ்சில் நாமும் சொல்கிறோம். மணிலாக் கனவானின் வார்த்தை நம் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை பக்கத்து மிஷினில் நிற்கும் வடக்கத்தித் தோழன் இருமினால், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை நாளாக இருமுகிறான் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுங்கள். அவனுடைய அரை நாள் கூலிக்காகச் சங்கத்தில் பேசுங்கள். அவன் மூச்சும் நம் மூச்சும் ஒரே ஷெட்டுக்குள்தான் இருக்கின்றன.